ப்ரோகோஃபியெவின் ஆரம்பகாலக் கச்சேரிகள் (1908–1914): எந்தத் தேதி, எந்த வடிவம்?

வெள்ளைக்கட்டை:

எல்லாருக்கும் வணக்கம்.

பியானோ மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மணி நேர நிகழ்ச்சி நடத்தப்போகிறார்கள். ரஷ்ய இசையமைப்பாளர் செர்கெய் ப்ரோகோஃபியெவ் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரியில்) படித்துக்கொண்டிருந்தபோது, 1908லிருந்து 1914க்குள், தானே மேடையேறி வாசித்த தன் படைப்புகள் மட்டும்தான் நிகழ்ச்சியில் வரவேண்டும். கையேடு எழுதும் பொறுப்பு எனக்கு. நாலு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதல் கச்சேரி 1908 டிசம்பர் 18 என்று ஒரு இடத்தில் இருக்கிறது, டிசம்பர் 31 என்று இன்னொரு இடத்தில். முதல் கான்செர்ட்டோவுக்கும் (தனிப்பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) ஜூலை 25, ஆகஸ்ட் 7 என்று இரண்டு தேதி. எதைப் போடுவது?

1913ல் பாவ்லோவ்ஸ்கில் பெரிய கலாட்டாவைக் கிளப்பிய இரண்டாம் கான்செர்ட்டோவிலிருந்து ஒரு பகுதி வாசிக்கலாமா? இன்று கடையில் கிடைக்கும் ஸ்கோர் (அச்சிட்ட இசைப்பிரதி) அன்று வாசித்ததுதானா?

பதினைந்து வயது மாணவி ஒருத்தி ஓபஸ் 4ன் (ஓபஸ் என்பது படைப்புக்குத் தரும் வரிசை எண்) நாலாவது துண்டை (சஜெஸ்தியோன் டியாபொலிக்) எடுத்திருக்கிறாள். விரல் வேகம் இருக்கிறது, ஆனால் பாதியிலேயே கை இறுகிவிடுகிறது. எங்கே தப்பு நடக்கிறது?

கடைசியாக, நிறைவுக்கு அவருடைய வேகமான பியானோத் துண்டு டொக்காட்டா ஓபஸ் 11 வைக்கலாம் என்று ஒரு யோசனை. சரிதானா?

பழையபஞ்சாங்கம்:

தேதி விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு தேதிகளும் சரி. ரஷ்யா 1918 பிப்ரவரி வரை ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது. அங்கே ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 என்று மாற்றினார்கள். அதற்கு முந்தைய எந்த ரஷ்யக் கச்சேரிக்கும் இரண்டு தேதி இருக்கும்.

எத்தனை நாள் கூட்டுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 19ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாள், 1900 மார்ச் முதல் 13 நாள். காரணம், 1900ஆம் ஆண்டு ஜூலியன் கணக்கில் லீப் வருடம், கிரெகோரியன் கணக்கில் இல்லை. அந்த ஒரு பிப்ரவரி 29தான் வித்தியாசத்தை ஒரு நாள் கூட்டிவிட்டது. ரக்மானினோஃப் தன் சி-ஷார்ப் மைனர் ப்ரெலூடை மாஸ்கோவில் முதன்முதலாக வாசித்தது 1892 செப்டம்பர் 26. அதற்கு 12 கூட்டி அக்டோபர் 8 என்று எழுதவேண்டும், 9 என்று எழுதினால் பிழை. ப்ரோகோஃபியெவ் தன் பிறந்தநாளாகக் கொண்டதும் 1891 ஏப்ரல் 11, அதாவது புதிய கணக்கில் 23. இங்கேயும் 12தான். அவருடைய கச்சேரிகள் எல்லாம் 20ஆம் நூற்றாண்டில் வருவதால் அவற்றுக்கு 13.

உங்கள் காலகட்டத்துக்கு வேண்டியவை இவை, பழைய தேதி முதலில், புதியது அடைப்பில்:

1908 டிசம்பர் 18 (31), பீட்டர்ஸ்பர்க், "தற்கால இசை மாலைகள்" அமைப்பின் கச்சேரி.
1910 பிப்ரவரி 21 (மார்ச் 6), மாஸ்கோ, முதல் சொனாட்டா ஓபஸ் 1.
1912 ஜூலை 25 (ஆகஸ்ட் 7), மாஸ்கோ, முதல் கான்செர்ட்டோ ஓபஸ் 10, நடத்துநர் கான்ஸ்டன்டின் சரஜெவ்.
1913 ஆகஸ்ட் 23 (செப்டம்பர் 5), பாவ்லோவ்ஸ்க், இரண்டாம் கான்செர்ட்டோ ஓபஸ் 16, நடத்துநர் அஸ்லானோவ்.
1914 ஜனவரி 23 (பிப்ரவரி 5), மாஸ்கோ, இரண்டாம் சொனாட்டா ஓபஸ் 14.
1914 ஏப்ரல் 22 (மே 5), பீட்டர்ஸ்பர்க், ரூபின்ஸ்டைன் பரிசுப் போட்டி.

1908 தேதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரே ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் புதிய கணக்கில் அது 1909க்குப் போயிருக்கும். "1909ல் அறிமுகம்" என்று யாராவது எழுதியிருந்தால் எண்ணிக்கையில் ஒரு நாள் வழுக்கியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். கையேட்டில் இரண்டு தேதியையும் போட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால், வேறு புத்தகம் படித்த யாரோ ஒருவர் வந்து தப்பு என்பார்.

ஊர்ப் பெயரையும் கவனிக்கவும். 1914 ஆகஸ்டில் போர் தொடங்கிய பிறகுதான் பீட்டர்ஸ்பர்க் பெட்ரோகிராட் ஆனது. உங்கள் பட்டியலில் இருக்கும் எதற்கும் பெட்ரோகிராட் வராது.

டொக்காட்டாவுக்கும் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. எழுதியது 1912, அவரே பொதுமேடையில் முதலில் வாசித்தது 1916 நவம்பர் 27 (டிசம்பர் 10), பெட்ரோகிராடில். "சார்கஸம்ஸ்" ஓபஸ் 17ம் அதே கச்சேரிதான். எழுதிய வருடத்தை மேடையேறிய வருடமாக எடுத்துக்கொள்வது இந்தப் பட்டியல்களில் அடிக்கடி நடக்கும் பிழை. உங்கள் வரம்புப்படி இரண்டும் வெளியே.

இரண்டுபியானோ:

எந்த வடிவம் என்ற கேள்வியை நீங்கள் இரண்டாம் கான்செர்ட்டோவுக்கு மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அதை மொத்த நிகழ்ச்சிக்குமே கேட்டாக வேண்டும். அந்த வருடங்களில் சபை கேட்டதும் இன்று நம் ஸ்டாண்டில் இருக்கும் அச்சும் பல இடங்களில் ஒன்றல்ல.

1908ல் அவர் வாசித்தது ஏழு சின்னத் துண்டுகள்: கதை, சிறுபனி, நினைவு, உந்துதல், வேண்டுதல், மனமுறிவு, கடைசியாக நவாஜ்டேனியே (உங்கள் மாணவி எடுத்திருக்கும் சஜெஸ்தியோன் டியாபொலிக்கின் ரஷ்யத் தலைப்பு). இவற்றில் நாலுதான் பின்னால் ஓபஸ் 4 ஆனது, அதுவும் அவர் திருத்திய பிறகு. அதனால் ஓபஸ் 4ஐ வாசித்துவிட்டு "1908 கச்சேரியின் நிகழ்ச்சிநிரல்" என்று கையேட்டில் எழுதாதீர்கள். "1908ல் ஒலித்த துண்டுகளில் நான்கு, பின்னாளில் திருத்தி அச்சிட்ட வடிவில்" என்று எழுதினால் நேர்மை. அதே மாலையில் மியாஸ்கோவ்ஸ்கியின் பாடல்களும் அரங்கேறின. இரண்டு சகமாணவர்கள் ஒரே இரவில் வெளியுலகத்துக்கு வந்தார்கள் என்பது கையேட்டில் ஒரு வரி பெறவேண்டிய செய்தி.

ஓபஸ் 1ம் அப்படித்தான். 1907ல் பல பகுதிகளோடு எழுதிய பழைய சொனாட்டாவின் முதல் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு 1909ல் திருத்தியது. ஆனால் 1910ல் மாஸ்கோ கேட்டது அந்தத் திருத்திய வடிவத்தைத்தான், ஆகவே இங்கே சிக்கல் இல்லை.

இரண்டாம் கான்செர்ட்டோவில்தான் பெரிய சிக்கல். 1913ல் வாசித்த ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோர், அவர் 1918ல் ரஷ்யாவை விட்டுக் கிளம்பிய பிறகு பெட்ரோகிராட் வீட்டில் எரிந்துபோனது. 1923ல் பவேரியாவின் எட்டால் கிராமத்தில் உட்கார்ந்து திரும்ப எழுதினார். 1924 மே 8, பாரிஸில் கூஸெவிட்ஸ்கி நடத்த அவரே வாசித்தார். இன்று உலகம் முழுக்க வாசிப்பது இந்த வடிவம். எவ்வளவு மாற்றினேன் என்றால் இதை நாலாம் கான்செர்ட்டோ என்றே சொல்லலாம் என்று நண்பர்களுக்கு எழுதியிருக்கிறார். (நாலாம் எண் 1931ல் வேறொரு படைப்புக்குப் போனது.) பாவ்லோவ்ஸ்க் சபை எந்த இடத்தில் எந்தச் சுரத்தைக் கேட்டு முகம் சுளித்தது என்று இன்றைய ஸ்கோரில் விரல் வைத்துக் காட்ட முடியாது. "இந்தக் கடென்ஸாவைக் (தனிவாத்தியம் மட்டும் வாசிக்கும் இடத்தை) கேட்டுத்தான் எழுந்து போனார்கள்" என்று மேடையில் அறிவிக்க உங்கள் கையில் ஆதாரம் இல்லை.

மீதி இருப்பது முதல் கான்செர்ட்டோ. என் கருத்தில் உங்கள் நிகழ்ச்சியின் முதுகெலும்பு அதுதான். 1911–12ல் எழுதியது, எரியவில்லை, திரும்ப எழுதவும் இல்லை. மாணவர்களுக்கு அதைவிடப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. 1914 ரூபின்ஸ்டைன் போட்டியில் இந்தக் கான்செர்ட்டோவை அவர் இரண்டு பியானோவில்தான் வாசித்தார். ஆர்க்கெஸ்ட்ரா பகுதியை இரண்டாவது பியானோவில் வாசித்தவர் சகமாணவர் விளாடிமிர் திரானிஷ்னிகோவ். ஆர்க்கெஸ்ட்ரா கிடைக்காத குறைக்கு இரண்டு பியானோ என்று நீங்கள் தயங்கவே வேண்டாம். நடுவர்கள் அன்று கேட்ட அதே அமைப்பு அது.

அந்தப் போட்டி நடந்த விதத்தைக் கையேட்டில் கொஞ்சம் விரித்தே எழுதுங்கள். பியானோ பட்டப்படிப்பை முடிப்பவர்களில் சிறந்தவர்கள் மோதும் போட்டி. பரிசு ஒரு ஷ்ரோடர் பியானோ. எல்லாரும் பெயர்பெற்ற கான்செர்ட்டோவைத் தேர்ந்தெடுப்பது வழக்கம், இவர் தன்னுடையதைத் தேர்ந்தெடுத்தார். கணக்குப் போட்டுத்தான் செய்தார். தெரிந்த கான்செர்ட்டோவை வாசித்தால் மற்றவர்களை மிஞ்ச முடியாமல் போகலாம். தன்னுடையதை வாசித்தால், நன்றாக வாசிக்கிறானா என்று நடுவர்களால் அளக்கவே முடியாது. தோற்றாலும் படைப்பு மோசமா வாசிப்பு மோசமா என்று யாருக்கும் தெரியாது. இரண்டாம் கான்செர்ட்டோவை விட்டு முதலாவதை எடுத்ததற்கும் காரணம் உண்டு: கன்சர்வேட்டரிச் சுவருக்குள் இரண்டாவது காட்டுத்தனமாக ஒலிக்கும் என்று நினைத்தார்.

அச்சில் வந்த படைப்பாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை வந்தது. மாஸ்கோ பதிப்பாளர் யூர்கென்சன் போட்டிக்குள் 20 பிரதிகளைத் தயார் செய்து கொடுத்தார். மேடையேறியதும் ப்ரோகோஃபியெவ் கண்ணில் முதலில் பட்டது நடுவர்களின் 20 மடிகளில் விரிந்திருந்த தன் ஸ்கோர். அச்சுலகத்துக்குள் அப்போதுதான் காலெடுத்து வைத்த ஒருவனுக்கு மறக்க முடியாத காட்சி என்று பின்னால் எழுதினார். மற்றபடி, வாக்னரின் டான்ஹாய்சர் ஓபரா முன்னிசையை ஃபிரான்ஸ் லிஸ்ட் பியானோவுக்கு மாற்றிய வடிவமும் பாகின் "ஆர்ட் ஆஃப் ஃபியூக்"கிலிருந்து ஒரு ஃபியூக்கும் வாசித்தார். பரிசு அவருக்கே. இயக்குநர் கிளாசுனோவுக்கு இந்த முடிவில் துளியும் விருப்பமில்லை, ஆனாலும் முடிவை அறிவிக்கவேண்டியவர் அவரே. சுரத்தில்லாத குரலில் வாசித்துவிட்டுப் போனார்.

கடைசிவரிசை:

பாவ்லோவ்ஸ்க் பற்றி எல்லாரும் சொல்வது, மொத்த அரங்கும் காலியாகிவிட்டது, கடைசியில் அவரும் நடத்துநரும் மட்டும் இருந்தார்கள் என்று. கையேட்டில் அதைப் போட்டால் படிக்கிறவர்களுக்குச் சுவையாக இருக்குமே?

பழையபஞ்சாங்கம்:

போடாதீர்கள். அரங்கு காலியாகவில்லை. சிலர் எழுந்து போனார்கள், சீழ்க்கை அடித்தார்கள், அது உண்மை. ஆனால் ப்ரோகோஃபியெவின் நாட்குறிப்பில் அன்றைய பதிவு தெளிவாக இருக்கிறது. கடைசி முழக்கத்துக்குப் பின் சில நொடி அமைதி. பிறகு ஒரு பக்கம் சீழ்க்கையும் கூச்சலும், மறுபக்கம் பலத்த கைதட்டலும் தடிகளைத் தரையில் தட்டும் சத்தமும், இன்னொன்று வாசிக்கச் சொல்லிக் குரல்களும். இரண்டு முறை வெளியே வந்து வணங்கினார். சபை இப்படி இரண்டாகப் பிரிந்ததில் அவருக்குச் சந்தோஷமே. கேட்டவர்களுக்கு அதற்குமேல் வேறு துண்டும் வாசித்தார். காலியான அரங்கில் யார் கேட்டு வாசிக்க முடியும்?

பாவ்லோவ்ஸ்க் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால் இந்தக் கலாட்டா புரியும். அது ரயில் நிலையத்தோடு சேர்ந்த கச்சேரி மண்டபம். 1837ல் திறந்த ரஷ்யாவின் முதல் பயணிகள் ரயில்பாதை முடியும் இடம். தலைநகரத்துக்காரர்கள் கோடை வீடு எடுத்துத் தங்கும் பகுதி. 1856 முதல் யோஹான் ஸ்ட்ராஸ் பல கோடைகள் வந்து வால்ட்ஸ் வாசித்த மேடை. சாயங்காலம் பூங்காவில் நடந்துவிட்டு, நல்ல இசை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள் நிறைய. 1908ல் அவர் முதலில் வாசித்த சபை அதற்கு நேர்மாறு: புது இசை என்றால் தேடி வரும் சின்னக் கூட்டம். 1911ல் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் பியானோத் துண்டுகள் ஓபஸ் 11லிருந்து ரஷ்யாவில் முதன்முதலாக அவர் வாசித்ததும் அந்த மாலைகளில்தான். அங்கே கைதட்டல் வாங்கிய துணிச்சலை ரயில்நிலைய மண்டபத்துக்கு எடுத்துப்போனால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

விமர்சகர் கராதிகின் மட்டும், இன்னும் பத்து வருடத்தில் இதே சபை ஒருமனதாகக் கைதட்டும் என்று எழுதினார். இந்தக் கராதிகின் அந்த "மாலைகள்" அமைப்பைச் சேர்ந்தவர். அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், வாசகர் எடைபோட்டுக்கொள்ளட்டும்.

பத்திரிகை விமர்சனத்தை வைத்து மட்டும் எந்தக் கச்சேரியையும் உறுதி செய்ய வேண்டாம். 1916 டிசம்பரில் மாஸ்கோவில் ப்ரோகோஃபியெவின் ஆர்க்கெஸ்ட்ராப் படைப்பு "சித்தியன் சூட்" வாசிப்பதாக அறிவித்திருந்தார்கள். வாத்தியக்காரர்கள் போருக்குப் போய்விட்டதால் நிகழ்ச்சிநிரலிலிருந்து அது நீக்கப்பட்டது. சபனேயெவ் என்ற விமர்சகர் அரங்குக்குப் போகாமலேயே அதைக் கிழித்து எழுதிவிட்டார். அது வாசிக்கப்படவே இல்லை, ஸ்கோரும் என்னிடம்தான் இருக்கிறது என்று ப்ரோகோஃபியெவ் பதில் எழுதினார். 1912ல் முதல் கான்செர்ட்டோவைத் திட்டியவரும் இதே சபனேயெவ்தான்.

மணிக்கட்டு:

மாணவியின் பிரச்சினைக்கு வருகிறேன். தலைப்பிலிருந்தே தொடங்கலாம். பிரெஞ்சுத் தலைப்பைப் பார்த்ததும் பிள்ளைகள் "பேய்" என்று பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்தே அடித்து நொறுக்குகிறார்கள். ரஷ்யத் தலைப்பு நவாஜ்டேனியே. மனத்தை ஏதோ ஒன்று பற்றிக்கொண்டு விடாமல் ஆட்டுவது, மருள் பிடிப்பது என்று சொல்லலாம். மருள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். துண்டும் அப்படித்தான்: கீழ்க்கட்டைகளின் இருட்டில் முனகலாகத் தொடங்கி, ஏறி, வெடித்து, திரும்பக் கீழேயே போய் அடங்குகிறது. மொத்தம் மூன்று நிமிடத்துக்குள். முதல் அரை நிமிடத்திலேயே முழு பலத்தையும் கொட்டிவிட்டால் பாதியில் கை இறுகாமல் என்ன செய்யும்?

கை இறுகுவதற்கு நேரடிக் காரணம் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் தட்டல்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் கையைத் தூக்கித் தூக்கிப் போடுகிறாளா என்று பக்கவாட்டில் உட்கார்ந்து பாருங்கள். விரல் நுனி கட்டையை விட்டு விரற்கடைக்கு மேல் எழும்பக்கூடாது. கட்டை முழுக்க மேலே வருவதற்கு முன்பே அடுத்த தட்டல் போகவேண்டும். கிராண்ட் பியானோவில் இது எளிது. அப்ரைட்டில் (செங்குத்தாக நிற்கும் வீட்டுப் பியானோவில்) கட்டை ஏறக்குறைய முழுக்க மேலே வந்தால்தான் சுத்தியல் மறுபடி பிடிக்கும். வீட்டில் அப்ரைட்டில் பழகி மேடையில் கிராண்டில் வாசிக்கப் போகிறாள் என்றால் கடைசி வாரம் இரண்டு தடவையாவது கிராண்டில் உட்கார வையுங்கள்.

இரண்டாவது காரணம் இடநெருக்கடி. இரண்டு கையும் கீழ்ப்பகுதியில் ஒன்றின்மேல் ஒன்று மோதுகிற மாதிரி வரும். எந்தக் கை உள்ளே, கட்டையின் மூடிப்பக்கம், எந்தக் கை வெளியே என்று ஒவ்வொரு இடத்துக்கும் முடிவெடுத்து ஸ்கோரில் பென்சிலால் குறிக்கவேண்டும். குறிக்காமல் விட்டால் மெதுவாக வாசிக்கும்போது ஒரு மாதிரி, வேகமாக வாசிக்கும்போது வேறு மாதிரி கை போகும். அந்தத் தயக்கம் முழங்கை வரை இறுக்கத்தைக் கொண்டுவரும். ஸ்டூலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, இடப்பக்கமாக நாலு விரற்கடை நகர்த்துங்கள். நடு சி-க்கு நேராக உட்கார்ந்துகொண்டு கீழ்க்கட்டைகளிலேயே மூன்று நிமிடம் வாசித்தால் வலது தோள் முறுக்கிக்கொள்ளும்.

பழகும் முறை: முதல் வாரம் முழுக்கப் பெடல் இல்லாமல், பாதி வேகத்தில், மெல்லிய ஒலியில் மட்டும். இரண்டாம் வாரம் மெட்ரோனோமை நாலு நாலாக ஏற்றுங்கள். மூன்று முறை தொடர்ந்து சுத்தமாக வந்தால்தான் அடுத்த படி. கை இறுகத் தொடங்கினால் உடனே எட்டு இறக்கவேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டக்கூடாது. மூன்றாம் வாரத்தில் ஒலியளவு. துண்டின் உச்சம் எது என்று ஒரே ஒரு இடத்தைக் குறித்துவிட்டு, மற்ற எல்லா ஃபோர்ட்டேயையும் (உரக்க வாசிக்கும் இடங்களையும்) அதற்கு ஒரு படி கீழே வாசிக்கச் சொல்லுங்கள். பெடல் கடைசியில்தான். பாஸ் கம்பிகள் நீளம், பெடல் போட்டால் இரண்டே தட்டலில் சேறு மாதிரி குழம்பிவிடும். ஸ்கோரில் நீண்ட சுரம் இருக்கும் இடத்துக்கு மட்டும் கொஞ்சம் தொட்டு எடுத்தால் போதும். முடிவில் ஒலி அடங்கிக்கொண்டே போகும்போது பிள்ளைகள் வேகத்தையும் குறைத்துவிடுவார்கள். எழுதியிருக்காத இடத்தில் குறைக்கவேண்டாம்.

இதை அவரே 1935ல் பாரிஸில் பதிவு செய்திருக்கிறார். அவசியம் கேட்க வையுங்கள், வேகத்தைக் காப்பியடிக்க அல்ல. பெடல் எவ்வளவு வறண்டிருக்கிறது, தாளம் எவ்வளவு நேராகப் போகிறது என்று பார்க்க. 1909 முதல் அவருக்கு ஆசிரியராக இருந்த அன்னா யெசிபோவா, மிகுந்த திறமை, ஆனால் கரடுமுரடு, என் முறையை அதிகம் உள்வாங்கவில்லை என்று தேர்வுக் குறிப்பில் எழுதினார். அந்தக் கரடுமுரட்டுக்கும் இந்தப் பதிவில் கேட்கும் தெளிவுக்கும் நடுவே எது அந்த இசைக்கு வேண்டியது என்று மாணவி தன் காதாலேயே தேடிக்கொள்ளட்டும்.

வெள்ளைக்கட்டை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. டொக்காட்டாவை எடுத்துவிட்டேன், காலி அரங்குக் கதையையும் அடித்துவிட்டேன். முதல் கான்செர்ட்டோவை இரண்டு பியானோவில் வாசிப்பது என்று முடிவாகிவிட்டது. எந்த வரிசையில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்? இரண்டு பியானோவில் எதைக் கவனிக்கவேண்டும்?

இரண்டுபியானோ:

காலவரிசையே போதும். ஓபஸ் 4ன் நாலு துண்டுகளுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். அடுத்து ஓபஸ் 1, ஒரே பகுதி, எட்டு நிமிடம். 1908ல் ஒலித்ததைக் கேட்ட காதுக்கு 1910 சொனாட்டா பின்னோக்கிப் போன மாதிரி இருக்கும், ஷூமான் வாடை அடிக்கும். அது 1907லேயே முளைத்தது என்று கையேட்டில் ஒரு வரி இருந்தால் குழப்பம் வராது. பிறகு ஓபஸ் 14, பதினெட்டு நிமிடம். கடைசியில் கான்செர்ட்டோ, பதினாறு நிமிடம். 1912 கான்செர்ட்டோவை 1914 சொனாட்டாவுக்குப் பின்னால் வைப்பதில் தப்பில்லை, நீங்கள் காட்டப்போவது 1914 போட்டியின் வடிவம்தானே. கூட்டினால் 54 நிமிடம், பியானோ நகர்த்த ஆறு நிமிடம் மீதி.

ஆள் பற்றாவிட்டால் ஓபஸ் 14ல் ஸ்கெர்ட்ஸோ என்ற வேகமான பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓபஸ் 4ல் ஒன்றைக் குறைக்கவேண்டி வந்தால் "மனமுறிவு"தான் என்று எல்லாரும் அதைத் தூக்குவார்கள், நான் தூக்கமாட்டேன். மூன்று சுரம் அரைச்சுரமாக இறங்கி இறங்கித் திரும்ப வந்துகொண்டே இருக்கும் அந்தப் பிடிவாதம் இல்லாமல், அடுத்து வரும் நவாஜ்டேனியே ஒட்டாமல் நிற்கும்.

கான்செர்ட்டோவில் கவனிக்கவேண்டியது மூன்று.

டி-ஃபிளாட் மேஜரில் தொடங்கும் அந்தப் பெரிய கருப்பொருள் மொத்தம் மூன்று முறை வரும்: தொடக்கத்தில், நடுவில், முடிவில். தொடக்கத்தில் தனிப்பியானோ ஆக்டேவில் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்தே பாடுகிறது. இரண்டு பியானோவில் இரண்டு பேரும் ஒரே பாட்டை முழு பலத்தில் வாசித்தால் யார் தனிவாத்தியம் என்றே சபைக்குத் தெரியாது. இரண்டாம் பியானோ மூடியை முழுக்க மூடி, பாட்டை ஒரு படி குறைத்து, பாஸையும் தாளத் தட்டலையும் முன்னே கொண்டுவரட்டும். முதல் பியானோ முதல் முறை எண்பது சதம் பலத்தில் நிறுத்திக்கொள்ளவேண்டும். மூன்றாவது முறை வரும்போது பதினைந்து நிமிடம் ஓடியிருக்கும், கை களைத்திருக்கும், ஆனால் பெரிதாக ஒலிக்கவேண்டியது அதுதான்.

தொடக்கம் முடிந்ததும் பியானோ மட்டும் வேகமான பதினாறாம் பகுதிச் சுரங்களோடு சி மேஜரில் பாயும். டி-ஃபிளாட்டின் கறுப்புக் கட்டைகளிலிருந்து ஒரே தாவலில் வெள்ளைக் கட்டைகளுக்கு. கறுப்புக் கட்டையில் கை கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும், வெள்ளைக்கு வரும்போது வெளியே இழுக்கவேண்டும். அந்த இழுப்பைத் தனியாக ஐம்பது தடவை பழகாதவர்கள் முதல் நாலு சுரத்தில் தடுக்குவார்கள். முந்தைய முழக்கத்தின் பெடல் இதற்குள் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது.

நடுவில் வரும் ஆண்டான்டே அஸ்ஸாய் என்ற மெதுவான பகுதியில் ஆர்க்கெஸ்ட்ராவின் நீண்ட சுரங்களை இரண்டாம் பியானோவால் இழுத்துப் பிடிக்க முடியாது, ஒலி தேய்ந்துவிடும். அதற்குப் பயந்து வேகம் கூட்டுவார்கள். கூட்டவேண்டாம். தேய்கிற இடத்தில் முதல் பியானோ தன் ஒலியை அந்தத் தேய்ந்த அளவுக்கு இறக்கிக்கொண்டு தொடர்ந்தால் இணைப்பு விடாது. ஒத்திகையில் இரண்டாம் பியானோக்காரர் அந்தப் பகுதியைத் தனியாக வாசிக்க, மற்றவர் அரங்கின் கடைசி வரிசையில் நின்று கேட்கட்டும்.

பக்கம் புரட்ட இரண்டு பேர் வேண்டும். பியானோக்களை நேருக்கு நேர் போட்டால் இரண்டாமவர் முகம் தெரியும், கை தெரியாது. மூன்றாவது முழக்கத்துக்கு உள்ளே வரும் இடத்தில் மூச்சையும் தலையசைப்பையும் வைத்துத்தான் சேரவேண்டும். அந்த நுழைவை மட்டும் ஒவ்வொரு ஒத்திகையிலும் முதலில் வைத்துக்கொள்ளுங்கள், கை களைப்பதற்கு முன் ஒருமுறை, கடைசியில் களைத்த பிறகு ஒருமுறை.